சாயம் பூசும் தொழிலுக்குச் சாண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சாயம் பூசுபவர்களின் கைப்பேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். தாமான் வீடுகள், தோட்டத்து வரிசை வீடுகள், கோயில் கதவுகள் என்று எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து குவியும். எல்லாருக்கும் பண்டிகைக்கு முன்பே முடிந்தாக வேண்டும். மேற்குக் கரையில் அந்தச் சமயம் பார்த்து மாலை மழையும் பிடித்துக்கொள்ளும். அந்த நெருக்கடியில், ஒரு கதவைப் பாதி தேய்த்துக்கொண்டிருக்கும்போது கையில் உள்ள சாண்டர் கருகிய நாற்றத்தோடு நின்றுவிட்டால் அன்றைய வேலை அதோடு சரி. உதவிக்கு வந்தவரின் கூலியை மட்டும் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

தூரிகை, ரோலர், ஏணி இவை மூன்றும் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்பதால், தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த பல குடும்பங்களுக்குச் சாயம் பூசுவது சோறு போட்ட தொழில். ஆனால் நல்ல சாயக்காரருக்கும் சாதாரணச் சாயக்காரருக்கும் உள்ள வித்தியாசம் பூசுவதில் தெரிவதில்லை. பூசுவதற்கு முன் தேய்ப்பதில்தான் தெரியும். புட்டி வைத்த இடம் மேடாக நின்றால், எவ்வளவு விலையுயர்ந்த சாயம் அடித்தாலும் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த மேடு காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கையால் தேய்ப்பதை விட்டு, உள்ளங்கையில் அடங்கும் சிறு சாண்டருக்குப் பலர் மாறியிருக்கிறார்கள். ஹார்ட்வேர் கடைகளில் இதைப் ‘பாம் சாண்டர்’ என்பார்கள். வேலையிடத்தில் பெரும்பாலும் ‘சாண்டிங் மெஷின்’தான்.

இரண்டு வகை, இரண்டு குணம்

வாங்கப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உள்ளங்கைச் சாண்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று சதுர அடித்தட்டு உள்ளது. கடையில் விற்கும் முழு உப்புத்தாள், அதாவது ‘கெர்த்தாஸ் பாசிர்’, ஏறக்குறைய 230க்கு 280 மில்லிமீட்டர் அளவு. அதை நான்காக மடித்துக் கிழித்தால் வரும் கால் தாள் இதற்குச் சரியாகப் பொருந்தும். இரு பக்கமும் கம்பிக் கிளிப் அதைப் பிடித்துக்கொள்ளும். அடித்தட்டு சுழலாது. மிகச் சிறு வட்டமாக, நிமிடத்துக்குச் சுமார் 14,000 முறை அதிரும். மோட்டார் பெரும்பாலும் 200 வாட்டை ஒட்டியிருக்கும்.

மற்றொன்று வட்ட அடித்தட்டு உள்ளது. 125 மில்லிமீட்டர் குறுக்களவு, 250 அல்லது 300 வாட் மோட்டார். இது அதிர்வதோடு நிற்காமல் தானும் சுழலும். இரண்டும் சேர்வதால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காது. அதனால் கீறல் குறையும், வேகமும் கூடும். தாள் ‘வெல்க்ரோ’வில் ஒட்டிக்கொள்வதால் மாற்றுவதும் எளிது.

இப்படிச் சொன்னால் வட்டச் சாண்டர்தான் சிறந்தது என்று தோன்றும். மேசைப் பலகை, பழைய வார்னிஷ் ஏறிய மரக்கதவு ஆகியவற்றை உரித்தெடுக்க அது சிறந்ததுதான். ஆனால் சாயக்காரரின் அன்றாட வேலை வேறு. கதவு நிலை, ஜன்னல் சட்டம், அலமாரியின் உள் மூலை, சுவரில் ஆங்காங்கே வைத்த புட்டி ஒட்டுகள் இவைதான் அதிகம். வட்டமான தட்டு மூலைக்குள் போகாது. சதுரத் தட்டு போகும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. வட்டச் சாண்டருக்கு ஓட்டை போட்ட வெல்க்ரோ தாள்தான் வேண்டும். அதன் விலையும் கூடுதல், சின்ன ஊர்க் கடைகளில் வேண்டிய எண் எப்போதும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. சாதாரண உப்புத்தாளோ எந்த ஹார்ட்வேர் கடையிலும் இருக்கும். முதல் இயந்திரம் வாங்கும் சாயக்காரர் சதுரச் சாண்டரில் தொடங்கி, மர வேலை கூடும்போது வட்டத்தை வாங்குவதே கையைக் கடிக்காத வழி.

வீடு முழுவதும் ஸ்கிம் கோட் அடித்த சுவர்களைத் தேய்ப்பதற்கு இந்த இரண்டுமே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு நீண்ட கழுத்துள்ள சுவர்ச் சாண்டர் தனியாக இருக்கிறது. வாரத்துக்கு நாலு சுவரை உள்ளங்கைச் சாண்டரால் தேய்த்துவிட்டு, “ஆறே மாதத்தில் போய்விட்டது” என்று இயந்திரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சாண்டரைக் கொல்வது எது?

ஓயாத ஓட்டத்தால் சாண்டர்கள் கெடுவதைவிடத் தூசியால் கெடுவதே அதிகம். டிரில் போன்ற கருவிகள் அவ்வப்போதுதான் தூசியைச் சந்திக்கும். சாண்டருக்கோ தூசியை உண்டாக்குவதே வேலை. அதே நேரத்தில் தன் மோட்டாரைக் குளிர்விக்க அந்தக் காற்றையே உள்ளே இழுக்கிறது. புட்டித் தூள் மாவைப் போல மெல்லியது. அது சுவிட்சுக்குள் புகுந்தால் தொடுமுனைகள் ஒழுங்காக ஒட்டாமல் பொறி பறந்து கருகும். பேரிங்குக்குள் புகுந்தால் கிரீஸோடு கலந்து களிம்பாகி, குண்டுகளை அரித்துவிடும். மோட்டார் சுருளில் படிந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் போகும்.

எனவே நீடித்து உழைக்கும் சாண்டர் என்றால் தூசியைத் தடுக்கும் சாண்டர் என்றே அர்த்தம். பெட்டியில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது என்பதை விட, சுவிட்சின் மேல் ரப்பர் உறை இருக்கிறதா, பேரிங் மூடிய வகையா, தூசிப்பை இறுக்கமாகப் பொருந்துகிறதா, வேக்கம் குழாயை மாட்ட முடியுமா என்பவையே முக்கியம். மலிவு இயந்திரங்களில் அதிக வாட் எழுதியிருப்பதும், உள்ளே திறந்த பேரிங் இருப்பதும் சகஜம்.

தூசிக்கு அடுத்த எதிரி கை அழுத்தம். வேகமாக முடியட்டும் என்று உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துபவர்கள் உண்டு. அழுத்தினால் மோட்டாரின் வேகம் குறையும். மோட்டாரோடு சுற்றும் விசிறியின் வேகமும் அதனால் குறையும். சூடு கூடும் நேரத்தில் காற்று குறைகிறது என்றால் சுருள் கருகுவதில் வியப்பில்லை. வட்டச் சாண்டரில் வெல்க்ரோ பற்களும் அந்தச் சூட்டில் உருகி, தாள் ஒட்டாமல் பறக்கும். கையின் எடையே போதும். தேயவில்லை என்றால் தாள் மழுங்கிவிட்டது அல்லது எண் தவறு என்று பொருள்.

அடுத்தது ஒயர். இயந்திரத்துக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர்க் கழுத்து இருக்கும். அது குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால், நாள் முழுதும் வளைந்து வளைந்து உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோகும். ஒயரைப் பிடித்து இயந்திரத்தைத் தூக்குவதும் ஏணியிலிருந்து தொங்கவிடுவதும் இதை இன்னும் சீக்கிரமாக்கும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவதை விட, தொழிலுக்கான கருவியைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது நல்லது. முதலில் பிடி. உள்ளங்கை சிறியதாக இருப்பவருக்கு அகலமான தலை பிடிக்கவே வலிக்கும். இரண்டு மணி நேரம் பிடிக்கப் போகும் பொருள் இது. அதன் பிறகு கடைக்காரரிடம் சொல்லி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல இயந்திரம் ஒரே சீரான இரைச்சல் தரும். கரகரவென்ற சத்தமோ விட்டுவிட்டு வரும் அதிர்வோ இருந்தால் புதுப் பெட்டியே ஆனாலும் வேண்டாம். அதிர்வு அதிகமான கருவியைப் பல ஆண்டுகள் பிடிப்பவர்களுக்கு விரல் மரத்துப்போவதும், குளிரில் விரல் நுனி வெளுப்பதும் வரக்கூடும். நாள் முடிவில் கை குறுகுறுக்கிறது என்றால் அது களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

நிறுத்திய பின், ஒயரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு அடித்தட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். சதுரச் சாண்டரில் அடித்தட்டை நான்கு ரப்பர்க் கால்கள் தாங்கும். சிறிது அசைவு இயல்பு. தட்டையான தளத்தில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் அது சுவரில் கோடு போடும். கிளிப்பில் ஒரு தாளை மாட்டி இழுத்துப் பார்ப்பதும் அவசியம். மலிவுச் சாண்டர்களில் முதலில் தளர்வது இந்தக் கிளிப்தான். தாள் தொங்கினால் ஓரம் கிழிந்துகொண்டே இருக்கும், உப்புத்தாள் செலவு இரட்டிப்பாகும்.

வட்டச் சாண்டர் வாங்குபவர் அடித்தட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் தூக்கிப் பிடித்திருக்கும்போது தட்டு கட்டுக்கடங்காமல் சுழலாதபடி தடுக்கும் பிரேக் அது. அது தேய்ந்துவிட்டால், சுழலும் தட்டு மரத்தைத் தொட்ட நொடியில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் விழும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் உள்ள வகை சற்று விலை கூடினாலும், பழைய சாயத்தை உரிக்கும்போது அது உதவும். முழு வேகத்தில் பழைய கிளாஸ் சாயம் சூடாகி இளகித் தாளில் அப்பிக்கொள்ளும்.

கடைசியாக, கடைக்காரரிடம் ஒரு கேள்வி: “இதற்குக் கார்பன் பிரஷ், பேரிங், அடித்தட்டு தனியாகக் கிடைக்குமா?” இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே பாதி முடிவைச் சொல்லிவிடும். கார்பன் பிரஷ் தேயத்தான் செய்யும். தேய்வதற்காகவே வைக்கப்பட்டது அது. சில ரிங்கிட்டில் மாற்றிக்கொள்ளலாம். அது கிடைக்காத இயந்திரம் என்றால், நன்றாக இருக்கும் மோட்டாரோடு சேர்த்துக் குப்பைக்குப் போகும். மக்கித்தா, போஷ் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களுக்கு மலேசியாவில் சேவை மையங்கள் இருப்பதும், அவற்றின் பாகங்கள் பொதுவான பழுதுபார்க்கும் கடைகளிலும் கிடைப்பதும் இதில் சாதகம். அதே காரணத்தால் பெயர்பெற்ற கருவிகளுக்குப் போலிகளும் அதிகம். வழக்கமான விலையில் பாதிக்கு அதே பெயர், அதே நிறத்தில் ஒன்று கிடைக்கிறது என்றால், உள்ளூர் உத்தரவாத அட்டையும் தொடர் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்த பின்பே காசைக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்கென்று தயாரான 110 வோல்ட் இயந்திரங்களும் இணையச் சந்தையில் கலந்து வருகின்றன. மலேசியாவின் 230 வோல்ட்டில் மாட்டினால் அவை கருகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

பெயர் தெரியாத சாண்டர் 100 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. தொழிலுக்கான நல்ல சாண்டருக்கு அதைப் போல் மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருக்கலாம். ஓர் உதாரணத்துக்கு 80 ரிங்கிட் இயந்திரம் ஓர் ஆண்டில் மூன்று முறை மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், இயந்திரத்துக்கு மட்டும் 240 ரிங்கிட். ஒவ்வொரு முறையும் அது நிற்கும்போது கடைக்கு ஓடி, வந்து சேர்வதற்குள் அரை நாள் போகும். நாள் கூலி 150 ரிங்கிட் என்றால் அரை நாள் 75, மூன்று முறைக்கு 225. மொத்தம் 465 ரிங்கிட். 300 ரிங்கிட் கொடுத்து வாங்கியது அடுத்த ஆண்டும் ஓடிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை சொந்த வீட்டுக் கதவைத் தேய்ப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு மலிவானதே போதும்.

பேட்டரி சாண்டர் வாங்கலாமா என்ற கேள்வியும் இப்போது அடிக்கடி எழுகிறது. மின்சாரம் இன்னும் இழுக்காத புது வீடு, கோயில் மதில், வேலி வாசல் போன்ற இடங்களில் அது பெரிய வசதி. ஆனால் டிரில் போல விட்டுவிட்டு ஓடும் கருவியல்ல சாண்டர். விசையை அழுத்தியதிலிருந்து விடாமல் ஓடுவதால் பேட்டரி விரைவில் இறங்கும். குறைந்தது இரண்டு பேட்டரி இல்லாமல் நாள் வேலைக்குப் போக முடியாது. ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் பேட்டரி டிரில் வைத்திருப்பவர், அதே பேட்டரி பொருந்தும் சாண்டரை வாங்கினால் மட்டுமே இது கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு ஒயர் உள்ளதே மேல்.

தாளும் பழக்கமும்

உப்புத்தாளின் பின்னால் உள்ள எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். உரிந்து நிற்கும் பழைய சாயத்துக்கு 80, கதவு நிலைகளுக்கு 120, புட்டிக்கு 150 அல்லது 180, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் 240 அல்லது 320 என்பது பொதுவான வழக்கம். 80இலிருந்து நேரே 240க்குத் தாவினால் முதல் தாள் போட்ட கீறல் போகாது. கிளாஸ் சாயம் அடித்த பிறகுதான் அது தெரியவரும். சாயத்தைத் தேய்க்க வெள்ளை நிறத்தில் வழவழப்பான பூச்சுள்ள தாள் கேட்டு வாங்கலாம். அந்தப் பூச்சு தூளை ஒட்டவிடாது. காயாத புட்டியைத் தேய்ப்பதுதான் தாளை வீணாக்கும் முதல் வழி. மழைக்காலத்தில் புட்டி மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

தூசிப்பை பாதி நிறைந்ததுமே கொட்டிவிட வேண்டும். நிறைந்த பை காற்றை அடைத்துவிடும். வார்னிஷ் தேய்த்த மரத்தூளைப் பையிலேயே விட்டு வேனுக்குள் வைப்பது ஆபத்து. அந்தத் தூள் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடியது. மரத்தூள் இருக்கும் பையோடு இரும்பைத் தேய்த்தாலும் பொறி உள்ளே போகும். மாலையில் வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் உள்ளே தங்கிய தூளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். சாண்டரை ரோலரோடும் தின்னரோடும் ஒரே வாளியில் போட்டு வைப்பது பலரிடம் உள்ள பழக்கம். அதற்கென்று ஒரு மூடிய பெட்டி வேண்டும். துளைகள் வழியே வழக்கத்துக்கு மாறாகப் பெரிய நீலப் பொறி தெரிந்தால் கார்பன் பிரஷ்ஷை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதைத் தள்ளிப்போட்டால் அது உரசும் செம்பு வளையமும் கெட்டு, பழுதுச் செலவு இயந்திர விலையை எட்டிவிடும்.

மெஷினை எடுக்கவே கூடாத இடங்கள்

எவ்வளவு நல்ல சாண்டராக இருந்தாலும் சில இடங்களில் அதை ஓட்டக் கூடாது. பழைய தோட்ட வீடுகளிலும் பழைய தாமான் வீடுகளிலும் கூரைக்கும் சீலிங்குக்கும் கல்நார் சிமெண்ட் தகடு, அதாவது அஸ்பெஸ்டாஸ், பயன்படுத்தப்பட்டது உண்டு. அதைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அவற்றால் வரும் நுரையீரல் புற்றுநோய் போன்ற நோய்கள் இருபது, முப்பது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். தகடு எது என்று உறுதியாகத் தெரியாத பழைய சீலிங்கை மெஷினாலோ கையாலோ தேய்க்கக் கூடாது, சுரண்டவும் கூடாது. தகடு உடையாமல் இருந்தால், ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, சீலர் அடித்து, மேலே சாயம் பூசுவதே வழி. உடைந்திருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்து அகற்ற வேண்டும்.

இரண்டாவது, பழைய இரும்புக் கிரில்களும் வாசல் கேட்டுகளும். பழைய எண்ணெய்ச் சாயங்களில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்த நிறமிகள் இருந்திருக்கின்றன. உருண்டைக் கம்பிக்கு உள்ளங்கைச் சாண்டர் எப்படியும் ஒத்துவராது. அதை மெஷின் வைத்து உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பரவும். தரையில் தவழும் குழந்தைதான் அதை முதலில் வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இங்கே தண்ணீரில் நனைக்கக்கூடிய கறுப்பு உப்புத்தாளை வாங்கி, ஈரத்தோடு கையால் தேய்ப்பதே சரி. கீழே பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததை ஈரத்தோடு அள்ளிக் கட்டிப் போட வேண்டும். ஈரமான இடத்தில் மின் சாண்டரை ஓட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, சிமெண்ட் பூச்சு. புட்டியைத் தேய்த்துக்கொண்டே போகும்போது கீழே உள்ள சிமெண்டையும் சேர்த்துத் தேய்ப்பது சாதாரணமாக நடப்பது. சிமெண்டில் கலந்த மணலில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும். அந்தத் தழும்புக்கு மருந்தில்லை. முகத்தில் கட்டும் கைக்குட்டையும், மருந்தகத்தில் வாங்கும் மெல்லிய நீல முகக்கவசமும் இந்தத் தூளைத் தடுக்காது. என்95 வகைக் கவசம் வேண்டும். அதுவும் மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்தி, ஓரம் இடைவெளி இல்லாமல் அணிந்தால்தான் பயன். தாடி வைத்திருப்பவர்களுக்கு அது சரியாக ஒட்டாது.

ஒரு நாள் முழுவதும் தேய்த்தவரின் சட்டை, தலைமுடி, சப்பாத்து எல்லாவற்றிலும் அந்தத் தூள் இருக்கும். வேலைச் சட்டையைத் தனியாகத் துவைத்து, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குவது என்று வைத்துக்கொள்ளும் சாயக்காரர்கள் இருக்கிறார்கள். சட்டையை வீட்டுக்கு வெளியே உதறாமல், வேலையிடத்திலேயே கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வருவது இன்னும் நல்லது.